ஒன்றுக்குப் பத்து

ஊசி எழுப்புவது கால் மில்லிவோல்ட்.
கொசு தனக்குள் முணுமுணுப்பதை விடக் கம்மி.
அது ஆம்ப்ளிஃபயரின் காதில் விழ
நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.
உள்ளங்கையில் அடங்கும் இரும்பு டப்பா.
விலை, எங்கள் ஃபிரிட்ஜை விட நாலாயிரம் அதிகம்.

லாமிங்டன் ரோடு. தார்ப்பாய் கட்டிய மாடிக் கடை.
ஸ்னேஹல் காம்ப்ளே குடையை எட்ட வைக்கச் சொல்லிவிட்டு
இரண்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.
ஒன்றுக்குப் பத்து, ஒன்றுக்கு முப்பது.
"திங்கட்கிழமை ஒன்று திரும்பி வரணும்.
பணம் வரலேன்னா ரெண்டும்."

டாக்ஸியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்,
பிரசவம் முடிந்து வீடு திரும்புகிறவள் மாதிரி.
தேவசகாயம் கதவைத் திறந்து ஏதோ சொன்னார்.
"என்ன?"
"ஒண்ணுமில்ல."

பதினாறு வருஷமாக இப்படித்தான்.
அவர் குரல் சட்டைப் பைக்குள் பேசும் குரல்.
சுங்க ஏலத்தில் கத்திக் கத்தி
என் காது ஏலத்துக்கே பழகிவிட்டது.

முதலில் முப்பது.
சோபாவின் நடுவில் வந்து உட்கார்ந்தது நாகசுரம்.
தவில் அலமாரிக் கண்ணாடியைத் தட்டியது.
இதுதான், இதுவேதான் என்று
பழைய பில்லின் பின்பக்கம் எழுதிவிட்டேன்.

பிறகு பத்து.
எல்லாம் நாலு அடி பின்னால் போய் நின்றது.
சத்தத்தைத் திருகிச் சமமாக்கினேன்
(சமமாக்காமல் ஒப்பிட்டால் உரக்கப் பேசுகிறவனே ஜெயிப்பான்,
இதை எனக்கு ஏலக்காரர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள்).
அப்போது கேட்டது:
சுரம் முடிந்து அடுத்ததற்குள்
வாசிப்பவர் மூக்கால் இழுத்த மூச்சு.
சீவாளியில் எச்சில் நகர்ந்த ஈரம்.
முப்பதில் அந்த மூச்சு எங்கே போயிருந்தது?

பில்லைத் திருப்பிக் கணக்குப் போட்டேன்.
ஆம்ப்ளிஃபயர் வாசலில் நாற்பத்தேழாயிரம் ஓம்.
முப்பதின் வர்க்கத்தால் வகுத்தால் ஐம்பத்திரண்டு.
ஊசியின் கம்பிச்சுருளுக்குச் சொந்தமாகவே நாற்பது.
அதன் முதுகில் ஐம்பத்திரண்டை ஏற்றினால்
பாதிச் சொல் தொண்டையிலேயே நின்றுவிடும்.
மூன்று மடங்கு ஏறும் என்று நினைத்தது
இரண்டு மடங்குகூட ஏறவில்லை.
பத்தின் வர்க்கத்தால் வகுத்தால் நானூற்றெழுபது.
தாராளமாக மூச்சு விடலாம்.

கேட்பவரின் பாரம்
கம்பி வழியே திரும்பிப் போய்
பேசுபவர் மேல் உட்காருகிறது.
பெட்டிக்கு மட்டும் எழுதிய வரி இது.
எழுதிய பிறகு சமையலறைப் பக்கம் பார்க்காமலிருக்க
கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது.

பத்தில் ஒரு தொல்லை, உறுமல்.
ஜன்னலுக்கு வெளியே ஹார்பர் லைன்,
கிங்ஸ் சர்க்கிளில் வேகம் எடுக்கும் ஒவ்வொரு வண்டியும்
டப்பாவுக்குள் ஒரு முறை நுழைந்து போனது.
எர்த் கம்பியை மாற்றினேன். போகவில்லை.
அலமாரியின் இந்த மூலை, அந்த மூலை,
கடைசியில் பூஜ்யத்தைத் தேடும் திருடன் போல
டப்பாவை விரல் விரலாகத் திருப்பினேன்.
ஒரு கோணத்தில், தென்கிழக்கே முகம் வைத்து
யாரோடோ கோபித்துக்கொண்ட மாதிரி நின்றபோது
உறுமல் அடங்கியது.
பென்சிலால் சுற்றிக் கோடு போட்டேன்.

அந்த அமைதியில்,
தட்டு தொடங்குமுன் வரும் வெறும் பள்ளத்தின் கரகரப்பில்,
தேவசகாயம் உள்ளேயிருந்து ஏதோ சொன்னார்.

"என்ன" என்று எழுந்த நாக்கை
அப்படியே வைத்துக்கொண்டேன்.
ஊசியைத் தூக்கினேன். ஃபேனை அணைத்தேன்.
காத்திருந்தேன்.
ஒரு வண்டி வந்து, போனது.

இரண்டாம் முறை முழுசாக வந்தது,
தொடக்கமும் முடிவும் இருந்தது, நடுவில் மூச்சும்:
"மழை வந்து பத்து நிமிஷம் ஆச்சு.
கம்பியில இருக்கறது எல்லாம் உன் சேலைதான்."